கேலரி பெரிதாக இருந்தால் மட்டும் ஆட்டம் தெரியுமா?

கேட்டவர்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு ஊர் கிளப்காரர்கள். பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் கோர்ட்டில் வருடந்தோறும் மின்னொளிக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். போன தடவை வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். முன்னால் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, பாதிப் பேர் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்கள். அதனால் இந்த வருடம் ஊர்க் கால்பந்து மைதானத்தின் நடுவே பலகை விரித்து நடத்தலாமா என்று யோசனை. அங்கே ஒரு பக்கம் ஐந்து படி கேலரி இருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: அமெரிக்காவில் 70,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்திலேயே கூடைப்பந்து நடத்துகிறார்களே, அவர்களுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியாதா?

நடுவில் போடாதீர்கள். பள்ளிக்கூடத்துக் கோர்ட்டே போதும், உட்காரும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கட்டட வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு, அதில் கேலரிக் கணக்கும் வரும்.

முதலில் போன வருடம் என்ன நடந்தது என்று பார்ப்போம். வாடகை நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவரின் கண், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். கண்ணிலிருந்து உச்சந்தலை வரை இன்னொரு 12 சென்டிமீட்டர். முதல் வரிசை பக்கக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி, இரண்டாவது வரிசை அதற்கு 90 சென்டிமீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரிசைக்காரர் முன்னாலிருப்பவரின் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டுமென்றால் பார்வை மேல்நோக்கித்தான் போகும். அந்தக் கோட்டை அப்படியே நீட்டிப் பாருங்கள். கோர்ட்டின் நடுப்பகுதிக்குப் போகும்போது அது தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். ரிங் இருப்பது 3.05 மீட்டரில். அதாவது முன்னாலிருக்கும் தலைக்கு நேராக உள்ள இடத்தில், ஆட்டக்காரர்கள் மொத்தமும் மறைந்து, மேலே எறிந்த பந்து மட்டும்தான் தெரியும். நாற்காலி மேல் ஏறியவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? 'இருங்கடே மக்கா' என்று பின்னாலிருந்து கத்தியவர்களையும் குறை சொல்ல முடியாது.

கால்பந்துக்கு இந்த அளவு சிக்கல் வராது. தூத்தூர், குளச்சல் பக்கம் கடற்கரை ஊர்களில் மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நின்றே பார்த்துவிடுவார்கள். மைதானம் பெரிது, ஆட்டக்காரர்கள் விரிந்து நிற்பார்கள், பந்தும் பெரும்பாலும் தனியாக ஓடும். கூடைப்பந்துக் கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் பத்துப் பேர், இரண்டோ மூன்றோ நடுவர். பத்துப் பேரும் ஒரே ரிங்குக்குக் கீழே குவிந்து நிற்பதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. அந்தக் குவியலுக்குள் யார் கால் எங்கே இருக்கிறது, கோட்டை மிதித்தானா இல்லையா என்று தெரியாவிட்டால், நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்றே புரியாது. ஆகவே இந்த ஆட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிற கோணம் வேண்டும்.

இது ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற விஷயம். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனிக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் ரிங்கின் உயரம் அதுதான். அப்புறம் பால்கனியில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் தட்டி வைத்தார்கள். இன்றைய போர்டு அதன் வழிவந்தது. ஆக ரிங்கின் உயரத்துக்கும் போர்டுக்கும் காரணம் பார்வையாளர் நின்ற இடம்தான்.

இப்போது பெரிய ஸ்டேடியம். கால்பந்து மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். அதன் நட்டநடுவில் கூடைப்பந்துக் கோர்ட்டை வைத்தால், பக்கவாட்டில் கோர்ட்டுக்கும் மைதானத்தின் எல்லைக்கும் இடையே 26.5 மீட்டர் வெற்றிடம். கோல்போஸ்ட் பக்கம் 38.5 மீட்டர். உங்கள் கேலரி எல்லைக்கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் முதல் படிக்காரருக்கும் கோர்ட்டுக்கும் இடையில் 31 மீட்டருக்கு மேல் ஆகிவிடும். கூடைப்பந்தின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். 30 மீட்டரில் அது, நீட்டிய கையில் பிடித்த மிளகு அளவுக்குத் தெரியும். 60 மீட்டரில் கடுகு.

பந்து சிறிதாகத் தெரிவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிய பிரச்சினை கோணம். ஐந்தாவது படியில் உட்கார்ந்தவரின் கண் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 31 மீட்டருக்கு அப்பால், அருகிலிருக்கும் பக்கக்கோட்டில் 1.9 மீட்டர் உயர ஆட்டக்காரர் ஒருவர் நிற்கிறார். அவருடைய உடம்பு, அவருக்குப் பின்னால் 50 மீட்டருக்கு மேற்பட்ட தரையை மறைக்கும். கோர்ட்டின் அகலமோ வெறும் 15 மீட்டர். பத்துப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டினாற்போலத்தான் தெரிவார்கள். அதே ஆட்டக்காரரை 80 மீட்டர் தள்ளி, ஆனால் 30 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் மறையும் தரை ஐந்தரை மீட்டர்கூட வராது. அமெரிக்க ஸ்டேடியத்தின் மேல்தட்டில் உட்கார்ந்தவருக்குப் பந்து கடுகைவிடச் சிறிதாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தின் அமைப்பு தெரியும். யார் யாரை மறிக்கிறார்கள், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைப் படம் வரைந்தது போலப் பார்க்கலாம். அவர்களிடம் உள்ள சொத்து உயரம். உங்கள் ஐந்து படிக் கேலரியில் அது இல்லை. தூரத்தை மட்டும் கடன் வாங்கினால் நஷ்டம்தான்.

அங்கேயும் இதை ஒரே நாளில் சரிசெய்துவிடவில்லை. 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோமில் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகமும் மோதின. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பலகைத் தளத்தைக் கொண்டுவந்து பேஸ்பால் அரங்கின் நடுவே விரித்தார்கள். 52,693 பேர் வந்தார்கள். சுற்றிலும் வெற்றுத் தரை, மிக அருகில் இருந்த இருக்கையே ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி. ஹூஸ்டன் 71–69 என்று ஜெயித்தது, எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள் என்பேன். அதே வருடம் ஏப்ரலில் ஏதென்ஸின் பழைய பளிங்கு ஸ்டேடியத்தில், திறந்தவெளியில், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. ஏஇகே அணி பிராகின் ஸ்லாவியாவை 89–82 என்று வென்றது. சுமார் 80,000 பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அந்த ஸ்டேடியம் நீண்டு குறுகியது, இரண்டு பக்கப் படிகளும் கோர்ட்டை நெருங்கி வரும். கூட்டம் அதிகமானாலும் பக்கவாட்டுக்காரர்களுக்குத் தூரம் குறைவு. எனக்கு ஆஸ்ட்ரோடோமை விட இந்த ஏற்பாடே பிடிக்கும்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் இரண்டு வழி வந்தது. ஒன்று, கோர்ட்டை ஸ்டேடியத்தின் ஒரு முனைக்குத் தள்ளி, மூன்று பக்கம் இருக்கிற இருக்கைகளைப் பயன்படுத்தி, நான்காவது பக்கத்தில் தற்காலிக கேலரி அமைத்து, மீதி அரங்கைத் திரை போட்டு மூடிவிடுவது. சிரக்யூஸ் பல்கலைக்கழகம் இப்படித்தான் தன் அமெரிக்கக் கால்பந்துக் கூரை அரங்கில் 30,000 பேருக்கு மேல் கூட்டி ஆட்டம் நடத்தியிருக்கிறது. மற்றொன்று, கோர்ட்டை நடுவிலேயே வைத்து, சுற்றியுள்ள வெற்றுத் தரையைத் தற்காலிக கேலரியால் நிரப்புவது. கல்லூரிகளின் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் ஆட்டங்கள் 2009-ல் டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் நடந்தபோது இந்த வழிக்கு மாறின. கோர்ட்டையும் மேடைபோல முக்கால் மீட்டர் அளவுக்கு உயர்த்தினார்கள். தரையில் போட்ட இருக்கைகளுக்குப் பார்வை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மேடை உயர்த்துவது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் வரிசைக்காரரின் கண் கோர்ட் தரையை விட அரை மீட்டருக்குள்தான் மேலே இருக்கும். அவருக்குத் தெரிவது ஷூக்கள். அடுத்தடுத்த வரிசைகள் சமதரையில் இருந்தால் தலை மறைப்பது குறையும், போகாது. விலை என்னவோ அதற்குத்தான் அதிகம். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிற நம்மூர்க்காரர்கள் அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால், தரையில் போட்ட பின்வரிசையை விட, பக்கவாட்டில் இரண்டாம் தட்டின் முன்வரிசையை எடுங்கள். முழு ஆட்டமும் தெரியும்.

2010 பிப்ரவரியில் டெக்ஸஸின் கவ்பாய்ஸ் ஸ்டேடியத்தில் நடந்த, என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 108,713 பேர் வந்தார்கள். கோர்ட்டுக்கு மேலே 49 மீட்டர் நீள வீடியோத் திரை தொங்கியது. மேலே இருந்தவர்கள் கீழே பார்த்ததை விடத் திரையைப் பார்த்ததே அதிகம் இருக்கும். காசு கொடுத்துப் போய் டிவி பார்ப்பதா என்று கேட்கலாம், கூட்டத்தின் சத்தத்துக்குத்தான் அந்தக் காசு. பிரான்ஸின் லில் நகரத்தில் இன்னொரு தந்திரம் செய்திருக்கிறார்கள். பியர் மோருவா ஸ்டேடியத்தின் கால்பந்துப் புல்தரையில் பாதி அப்படியே மேலே எழும்பி, மறுபாதியின் மேல் போய் உட்காரும். அடியில் கூடைப்பந்து அரங்கு இருக்கும். 2015 யூரோபாஸ்கெட் என்கிற ஐரோப்பிய நாடுகளின் போட்டியின் இறுதியாட்டத்தை அங்கே 27,372 பேர் பார்த்தார்கள். 2024 ஒலிம்பிக்கின் முதல் சுற்று ஆட்டங்களும் அங்கேதான். எந்த ஊராக இருந்தாலும் உருப்படியான ஏற்பாடு என்றால், இருக்கையை ஆட்டத்தின் அருகே கொண்டுவந்து, அதற்கப்புறம் உயரத்தைக் கொடுத்திருப்பார்கள்.

சரி, உங்கள் கோர்ட்டுக்கு வருவோம்.

கேலரி வரைகிறவர்கள் பார்க்கும் முக்கியமான எண் ஒன்று உண்டு. சி அளவு என்போம். பின்வரிசைக்காரர் கண்ணிலிருந்து, அவர் பார்க்க வேண்டிய மிக அருகிலுள்ள இடத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கூடைப்பந்தில் அந்த இடம் அருகிலிருக்கும் பக்கக்கோடு. அந்தக் கோடு முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே போகிறது என்பதுதான் சி. 12 சென்டிமீட்டர் என்றால் தலைக்கு மேலே தாராளமாகத் தெரியும். 9 என்றால் பரவாயில்லை. 6 என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே போகவே கூடாது.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முன்வரிசைக்காரரின் கண் உயரத்தோடு சி அளவைக் கூட்டுங்கள். அதை, அடுத்த வரிசைக்காரர் பக்கக்கோட்டிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, முன்வரிசைக்காரரின் தூரத்தால் வகுங்கள். வருவதில் முன்வரிசைக் கண் உயரத்தைக் கழித்தால், அடுத்த படி எவ்வளவு உயர வேண்டும் என்று கிடைக்கும். முதல் வரிசை பக்கக்கோட்டிலிருந்து 4 மீட்டர், படியின் அகலம் 75 சென்டிமீட்டர், சி 12 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது படி 37 சென்டிமீட்டர் உயர வேண்டும், மூன்றாவது 39, நான்காவது 40. மேலே போகப் போகப் படி கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகிக்கொண்டே போகும். பெரிய ஸ்டேடியங்களின் குறுக்குவெட்டு நேர்கோடாக இல்லாமல் வளைந்து இருப்பது இதனால்தான்.

முதல் வரிசையை ஆசைப்பட்டு 2.5 மீட்டருக்கு இழுத்தால், அடுத்த படி 52 சென்டிமீட்டர் உயர வேண்டும். பெரியவர்கள் ஏறவே முடியாது. 10 மீட்டர் தள்ளினால் 22 போதும். ஊர்க் கால்பந்து கேலரியின் படிகள் தாழ்வாக இருந்தும் சமாளிப்பது அந்தத் தூரத்தால்தான்.

பந்தல்காரரால் ஒவ்வொரு படிக்கும் ஒரு உயரம் வைத்துக் கட்ட முடியாது. எல்லாப் படியும் 40 சென்டிமீட்டர், அகலம் 75, முதல் வரிசை சமதரையில், கோட்டிலிருந்து 4 மீட்டர் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது வரிசைக்கு சி 14.7 கிடைக்கும், ஆறாவது வரிசைக்கு 9. எட்டாவது வரிசை வரைக்கும் இழுக்கலாம், 7.6 இருக்கும். நான் ஆறோடு நிறுத்தச் சொல்வேன், அதற்கு மேல் போனால் கம்பிக் கட்டுமானத்துக்குச் செலவும் பயமும் கூடும். இருக்கைகளை நேருக்கு நேர் வைக்காமல், முன்வரிசையின் இரண்டு ஆட்களுக்கு நடுவே பின்வரிசை ஆள் வருகிற மாதிரி பலகையில் பெயிண்டால் குறி போட்டுவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் லாபம் அது. 28 மீட்டர் நீளத்தில் ஆளுக்கு அரை மீட்டர் வைத்து, ஏறி இறங்க இரண்டு வழி விட்டால், ஒரு பக்கத்தில் 300 பேர் வசதியாக உட்காரலாம்.

எந்தப் பக்கம் என்பது முக்கியம். ஸ்கோர் மேசையும் இரண்டு அணிகளின் பெஞ்சும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். பெரிய கேலரியை அதற்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள், அங்கே குறுக்கே யாரும் நிற்க மாட்டார்கள். மேசைப் பக்கமும் ஆள் உட்கார வேண்டும் என்றால், கோட்டிலிருந்து ஐந்தரை மீட்டர் தள்ளி, முதல் வரிசையையே ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். அப்படியும் பெஞ்சில் இருக்கும் தலைகளால் கோர்ட்டுக்குள் 2 மீட்டர் தரை அவர்களுக்கு மறையும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கோச் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

ரிங்குக்குப் பின்னால் கேலரி வேண்டவே வேண்டாம். என்பிஏவில் கண்ணாடி போர்டு, அதன் வழியாகப் பார்த்துவிடலாம். நம் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் மரமோ ஃபைபரோ, 1.8 மீட்டர் அகலத்துக்கு நடுவே ஒரு சுவர் மாதிரி. போதாததற்கு இரும்புத் தூண் வேறு. நம்மூரில் பரிசளிப்பு மேடையை வழக்கமாக எங்கேயாவது குறுக்கே போடுவார்கள், அந்த மேடையை ரிங்குக்குப் பின்னால், தள்ளிப் போடுங்கள். கோர்ட்டின் மூலைகள் நல்ல இடம், சாய்வாகப் பார்க்கும்போது இரண்டு ரிங்கும் கண்ணில் விழும். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே பாய் விரித்துவிடலாம், ஆனால் எல்லாப் பக்கமும் கோட்டிலிருந்து 2 மீட்டர் காலியாக இருந்தே ஆக வேண்டும். ஆட்டக்காரர் வேகத்தில் வந்து விழுகிற இடம் அது.

சிறப்பு விருந்தினர் சோஃபா பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பக்கக்கோட்டுக்கு ஒட்டி, முன்னால் டீப்பாய், அதில் பூங்கொத்து, தண்ணீர் பாட்டில் என்று வைப்பது வழக்கம். அவர்களுக்கு ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும், பின்னாலிருப்பவர்களுக்கு அவர்களின் தலை. உண்மையில் உங்கள் கேலரியில் ஆகச் சிறந்த இடம் மேல்படியின் நடுப்பகுதி. கண் 3.2 மீட்டர் உயரத்தில், ரிங்கை விடச் சற்று மேலே இருக்கும். பந்து வளையத்துக்குள் விழுவதை மேலிருந்து பார்க்கலாம். விருந்தினரை அங்கே ஏற்றுங்கள். முழங்கால் வலி என்பவருக்கு மட்டும் மூலையில் நாற்காலி போடுங்கள்.

ஆட்டம் மாலை நான்கு மணிக்கே தொடங்குவதாக இருந்தால் சூரியனையும் பார்க்க வேண்டும். கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால் கேலரி மேற்குப் பக்கம் வரட்டும், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஸ்கோர் மேசை கிழக்கே போகும், அங்கே உட்காருபவர்களுக்கு ஒரு குடை கட்டிக்கொடுங்கள். விளக்குக் கம்பங்களை கேலரிக்கும் கோர்ட்டுக்கும் நடுவே நடாதீர்கள், கேலரிக்குப் பின்னால் நட்டு உயர்த்துங்கள். ரிங்குக்கு நேர் பின்னால் விளக்கு இருந்தால் ஃப்ரீ த்ரோ போடுபவன் கண் கூசும். தேதி வைக்கும்போது நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஊர் கமிட்டி யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆனி, ஆடிக் காற்றில் கேலரியின் பின்பக்கம் பிளக்ஸ் கட்டாதீர்கள், முழுக் காற்றையும் அதுவே வாங்கும்.

உறுதியைப் பற்றி விளையாட்டாக இருக்கக் கூடாது. நிலையான இருக்கை இல்லாத கேலரிக்கு இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 875, சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் பாரம் வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. கடைசி நிமிடத்தில் எல்லோரும் ஒரே தாளத்தில் குதிப்பார்கள், அப்போது கேலரி பக்கவாட்டில் ஆடும். செங்குத்துக் கம்பி எத்தனை இருந்தாலும் குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் அது நிற்காது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இரண்டு திசையிலும் குறுக்குக் கம்பி கேளுங்கள். மேல்படிக்குப் பின்னாலும் இரண்டு ஓரங்களிலும் 1.1 மீட்டர் உயரக் கைப்பிடி வேண்டும். ஒரு சிவில் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், காவல்நிலையத்திலும் உள்ளாட்சியிலும் அனுமதிக்குப் போகும்போது அந்தத் தாளும் உதவும்.

போட்டிக்கு முந்தின நாள், கம்பி கட்டுகிற ஆட்கள் ஸ்பேனரோடு அங்கேயே இருக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவரை, நல்ல உயரமான ஆளாகப் பார்த்து, உட்காரச் சொல்லுங்கள். ஒரு பையனை உங்கள் பக்கத்துப் பக்கக்கோட்டில் நிறுத்துங்கள். இரண்டாவது படியிலிருந்து ஆறாவது படி வரை ஒவ்வொருவராகக் கேளுங்கள், அவன் போட்டிருக்கும் ஷூ தெரிகிறதா என்று. முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை என்று எந்தப் படிக்காரர் சொன்னாலும் அந்தப் படியை அங்கேயே ஐந்து சென்டிமீட்டர் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு மேலே உள்ள படிகளையும் சேர்த்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குறை ஒரு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.